கூட்டக் குறிப்பு

ஈசூன். ஞாயிறு, ஆராதனைக்குப் பின், பகல் ஒன்றரை.
வந்தோர் ஒன்பது பேர்.
குளிரூட்டி பதினெட்டில்.
நான் செயலாளர்,
ஆகவே நான் கை.
வாய் மற்றவர்களுடையது.

என் பையில் அடுத்த சனிக்கிழமைக்கான தாள்கள்:
வேதத்துப் பெண்களும் தலைமைத்துவமும்,
முப்பது பிரதி, வண்ணத்தில்.
தெபொராளுக்கு ஒரு பேரீச்சமரம் போட்டிருந்தேன்.
எஸ்தருக்கு ஒரு கிரீடம்,
இணையத்தில் இலவசமாகக் கிடைத்தது.

நான்காம் பொருளுக்கு வந்தபோது
கண்ணாடிக் கதவுக்கு வெளியே ஐந்து பெண்கள்.
செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று
ஒருத்தி காலை இன்னொருத்தி பார்த்தபடி.

மாசத்துல ரெண்டு ஞாயிறு லீவு, என்றாள் முதலாமவள்.
மூணாம் மாடி ரூம் சும்மாதானே கிடக்கு.
ரெண்டுலேர்ந்து ஆறு மணி வரைக்கும்.
பாட, ஜெபிக்க,
கொஞ்சம் படுக்க.
புளோக்குக்குக் கீழ உக்காந்தா
படம் புடிச்சுப் புகார் கொடுக்குறாங்க.

'படுக்க' என்றதும் யாரோ சிரித்தார்.
அவள் சிரிக்கவில்லை.

பொருளாளர் வேதமாணிக்கம் மின்கட்டணம் என்றார்.
காப்புறுதி என்றார் இன்னொருவர்.
முன்னுதாரணம் ஆகிவிடும் என்றவர் பெயரை
நான் எழுதிக்கொண்டேன்.

வனாந்தரத்தில் ஒரு கூடார வாசல்.
மகன் இல்லாமல் செத்த ஒருவனின் மகள்கள் ஐந்து பேர்
மோசேக்கு முன்னால், மூப்பர்களுக்கு முன்னால்,
ஊரே பார்க்க நிற்கிறார்கள்.
அப்பாவின் பங்கு எங்களுக்கு வேண்டும்.
அவ்வளவுதான் கேட்டது.
மண்டியிட்டதாக இல்லை.
அழுததாகவும் இல்லை.
மோசேயோ, அத்தனை பெரிய மனிதர்,
தெரியாததைத் தெரிந்ததுபோல் சொல்லாமல்
கேட்டுவரப் போனார்.
கேட்டுவிட்டுத் திரும்பியும் வந்தார்.
எங்கள் கமிட்டிகளில்
போவதோடு கதை முடிந்துவிடும்.

மக்லாள், நோவாள், ஓக்லாள், மில்காள், திர்சாள்.
இருபத்திரண்டு வருடத்தில் ஒருமுறையும்
நான் சத்தமாகச் சொல்லாத பெயர்கள்.
வாசிப்பில் வரும்போது நாக்கு தடுக்கும்,
கமாவைத் தாண்டி ஓடிவிடுவேன்.
என் முப்பது பிரதியிலும் அவர்கள் இல்லை.
அவர்களுக்குப் படம் கிடைக்கவில்லை.

'சில சகோதரிகள் வந்து கேட்டார்கள்னு போடுங்க சிஸ்டர்,
போதும்' என்றார் தலைவர்.

பேனா எழுதவில்லை.
நோட்டை எடுத்துக்கொண்டு கதவுக்குப் போனேன்.
மெதுவாகச் சொல்லுங்கள்.

ஜெபக்கனி.
தங்கபுஷ்பம், நடுவுல 'ஷ்' வரும் அக்கா.
ரஞ்சினி, அட்டன் பக்கம்.
மோட்சராக்கினி, சிரிக்கக் கூடாது.
ஐந்தாமவள் ரஞ்சினியின் பக்கத்து வீட்டில் வேலை,
மண்டலேக்காரி, தமிழ் நாலு சொல்.
மூன்று முறை கேட்டும் என் காதில் நிற்கவில்லை.
அவளே பேனாவை வாங்கி எழுதினாள்,
வட்டம் வட்டமாக,
கோடு போட்ட தாளில் யாரோ
சின்னச் சின்ன வளையல்களை வைத்துப் போனதுபோல்.

முடிவு: அடுத்த மாதத்திற்கு ஒத்திவைப்பு.
என் மறுப்பைப் பதிவு செய்கிறேன் என்றேன்.
பதிவு செய்வதே நீங்கள்தானே என்று சிரித்தார்கள்.
ஆமாம் என்று எழுதினேன்.

இது தைரியமா, எனக்குத் தெரியாது.
கை நடுங்கியது. குளிர் என்று சொல்லிக்கொண்டேன்.
எஸ்தருக்கு மூன்று நாள் உபவாசம் இருந்தது.
எனக்கு, காலையில் தின்ற ஒரு தோசையும்
பாதிக் காப்பியும்.

இரண்டே முக்காலுக்கு மழை பிடித்தது.
வாகன நிறுத்துமிடம் காலி.
மூன்றாம் மாடிச் சாவி
வழக்கம்போல் செயலாளர் பையில்,
எஸ்தரின் கிரீடத்துக்கு அடியில் எங்கோ.
தேடி எடுக்க நேரமானது.
மின்தூக்கி ஆறு பேரோடு மேலே போனது.

இது குறிப்பில் இல்லை.

விளக்கைப் போடவா என்று திரும்பினேன்.
மோட்சராக்கினி அதற்குள்
கம்பளத்தில் தூங்கியிருந்தாள்,
ஒரு கை நெற்றிமேல்,
செருப்பு காலிலேயே.